விண்டோஸ் 11: வீட்டுக்கு ஹோம் போதுமா, ப்ரோ வேண்டுமா?

ஒரே மாடல் லேப்டாப் இரண்டு விலையில் இருக்கும். பிராசஸர், ரேம், எஸ்எஸ்டி எல்லாம் அச்சு மாறாமல் ஒன்றுதான். ஒன்றில் விண்டோஸ் 11 ஹோம், மற்றதில் விண்டோஸ் 11 ப்ரோ. வாங்குகிறவர் மனதில் மூன்று எண்ணம் ஓடும்: ப்ரோ வேகமாக ஓடும், வைரஸ் அண்டாது, அப்டேட் கூடுதல் காலம் வரும். மூன்றும் தவறு. அந்த நம்பிக்கையில் கொடுக்கும் கூடுதல் பணத்தை ரேமிலோ எஸ்எஸ்டியிலோ போட்டால் தினமும் கண்ணுக்குத் தெரிகிற பலன் கிடைக்கும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். வீட்டில் பெரும்பாலானவர்களுக்கு ஹோம் போதும். ப்ரோவுக்குப் பணம் கொடுப்பது நான்கு தேவைகளுக்கு நியாயம்: அந்தக் கணினிக்குள் வெளியிலிருந்து ரிமோட் டெஸ்க்டாப் வழியாக நுழைய வேண்டும், புதுப் புரோகிராம்களைத் தனி ஜன்னலில் சோதிக்க விண்டோஸ் சாண்ட்பாக்ஸ் வேண்டும், விண்டோஸின் டிஸ்க் பூட்டான பிட்லாக்கரை முழுதாக (வெளி டிஸ்க், பென் டிரைவ், தொடக்கப் பின் எண், கீயை நீங்களே வைத்துக்கொள்வது) பயன்படுத்த வேண்டும், அப்டேட் எப்போது வர வேண்டும் என்பதை நீங்களே தீர்மானிக்க வேண்டும். இவற்றில் ஒன்றுகூட இன்றைக்குத் தேவையில்லை என்றால் ஹோம் வாங்குங்கள். ஹோமிலிருந்து ப்ரோவுக்கு எப்போது வேண்டுமானாலும் சில நிமிடங்களில் மாறலாம், ஃபைல்களோ புரோகிராம்களோ போகாது. ப்ரோவிலிருந்து ஹோமுக்கு இறங்க வேண்டும் என்றால் எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக நிறுவ வேண்டும். ஒரு பக்கம் கதவு திறந்தே இருக்கும்போது சந்தேகத்துக்காக முன்கூட்டியே பணம் கட்ட வேண்டியதில்லை.

இரண்டிலும் ஒன்றாக இருப்பவை

மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து இறக்கும் நிறுவல் ஃபைல் ஒன்றுதான். அதற்குள்ளேயே ஹோம், ப்ரோ இரண்டும் இருக்கின்றன. எது நிறுவப்படுகிறது என்பதைத் தீர்மானிப்பது லைசென்ஸ் கீ. ஆகவே பிரவுசர் திறக்கும் வேகம், கேம் ஓடும் வேகம், பேட்டரி நிற்கும் நேரம் எதிலும் வித்தியாசம் வராது. கேம்களுக்கான டைரக்ட்எக்ஸ் 12, ஆட்டோ எச்டிஆர் எல்லாம் ஹோமிலேயே முழுதாக உண்டு.

பாதுகாப்பிலும் அடித்தளம் ஒன்றே. டிஃபெண்டர், ஃபயர்வால், ஸ்மார்ட்ஸ்கிரீன், முகத்தாலும் விரல் ரேகையாலும் நுழையும் விண்டோஸ் ஹலோ, விண்டோஸின் மையப் பகுதியைத் தனியே பிரித்துக் காக்கும் கோர் ஐசொலேஷன் ஆகியவை ஹோமில் குறைத்துக் கொடுக்கப்படவில்லை. மாதத்தின் இரண்டாம் செவ்வாய்க்கிழமை வெளியாகும் பாதுகாப்புத் திருத்தங்கள் இரண்டுக்கும் ஒரே நாளில் வருகின்றன. ஆண்டுக்கு ஒன்றாக வரும் பெரிய பதிப்பு ஒவ்வொன்றுக்கும் 24 மாத ஆதரவு. அதுவும் இரண்டுக்கும் பொது. பெரிய நிறுவனங்களுக்கான என்டர்பிரைஸுக்கும் எஜுகேஷனுக்கும் மட்டும்தான் 36 மாதம்.

லினக்ஸ் கற்க விரும்பும் பிள்ளைகளுக்காகப் ப்ரோ வாங்குகிறவர்கள் உண்டு. தேவையில்லை. டபிள்யூஎஸ்எல் 2 என்ற லினக்ஸ் துணைத்தளம் ஹோமிலும் ஓடும், அதன் மேல் டாக்கர் டெஸ்க்டாப்பும் ஓடும்.

டிஸ்க்கைப் பூட்டுவது: கவனமாகப் படிக்க வேண்டிய இடம்

"ஹோமில் என்கிரிப்ஷன் (டிஸ்க்கில் உள்ளதைச் சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டுவது) கிடையாது" என்று பலரும் சொல்வது பழைய கதை. ஹோமில் 'டிவைஸ் என்கிரிப்ஷன்' என்ற பெயரில் அதே பிட்லாக்கர் நுட்பம், பொத்தான்கள் குறைந்த வடிவில் இருக்கிறது. 2024ஆம் ஆண்டுப் பதிப்பான 24எச்2இலிருந்து இதற்கான வன்பொருள் நிபந்தனைகளும் தளர்த்தப்பட்டன. அந்தப் பதிப்பைப் புதிதாக நிறுவி, தொடக்கத்திலேயே மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், தகுதியுள்ள கணினியில் உங்களைக் கேட்காமலேயே டிஸ்க் பூட்டப்படும். ஹோம், ப்ரோ இரண்டிலும் இதே நிலைதான்.

லேப்டாப் திருடுபோனால் இது நல்லது. ஆனால் தன் டிஸ்க் பூட்டியிருக்கிறது என்றே தெரியாதவருக்கு இதனால் பெரிய ஆபத்து உண்டு. பயாஸ் (மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) அப்டேட் செய்தாலோ, டிஸ்க்கின் சாவியைக் காக்கும் டிபிஎம் சிப்பில் உள்ளவை அழிக்கப்பட்டாலோ, மதர்போர்டு மாற்றினாலோ, கணினி தொடங்கும்போதே சரிபார்க்கும் செக்யூர் பூட் அமைப்பைத் தொட்டாலோ அடுத்த முறை ஆன் செய்யும்போது நீலத் திரை வந்து 48 இலக்க ரிக்கவரி கீயைக் கேட்கும். அது இல்லையென்றால் புகைப்படம், கணக்கு வழக்கு எதையும் திரும்ப எடுக்க முடியாது. சர்வீஸ் சென்டராலும் முடியாது, மைக்ரோசாஃப்டாலும் முடியாது.

அதனால் எந்தப் பதிப்பு வாங்கினாலும் முதல் நாளே செய்ய வேண்டிய வேலை இது. 'செட்டிங்ஸ்' திறந்து 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி', அதற்குள் 'டிவைஸ் என்கிரிப்ஷன்' போய் ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். ஆன் என்றால், உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கின் இணையப் பக்கத்தில் சாதனங்கள் பகுதிக்குப் போய் ரிக்கவரி கீயைத் தாளில் எழுதியோ அச்சிட்டோ வீட்டில் பத்திரமான இடத்தில் வையுங்கள். கணக்கில் பழைய கணினிகளின் கீகளும் சேர்ந்து கிடக்கும். நீலத் திரையில் 'கீ ஐடி' என்று எட்டு எழுத்து தெரியும். எந்தக் கீயின் ஐடி அதோடு பொருந்துகிறதோ அதைத்தான் தட்ட வேண்டும். ஆகவே எழுதி வைக்கும்போது ஐடியையும் சேர்த்தே எழுதுங்கள். அந்தக் கீயை அதே லேப்டாப்பில் ஒரு ஃபைலாக வைப்பது, சாவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வெளியே நிற்பதற்குச் சமம்.

லோக்கல் கணக்கு வைத்திருப்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். சில லேப்டாப்களில் டிஸ்க் என்கிரிப்ட் ஆகியிருக்கும், ஆனால் பாதுகாப்பு ஆன் ஆகியிருக்காது. கீயை ஒப்படைக்க ஒரு மைக்ரோசாஃப்ட் கணக்கு கிடைக்கும் வரை விண்டோஸ் அந்தக் கீயைத் திறந்த நிலையிலேயே டிஸ்க்கில் வைத்திருக்கும். பூட்டு மாட்டி, சாவியையும் அதிலேயே தொங்கவிட்ட நிலை. அட்மினாகத் திறந்த கமாண்ட் பிராம்ப்டில் 'மேனேஜ்-பிடிஇ' கட்டளையை 'ஸ்டேட்டஸ்' சேர்த்து ஓட்டினால் என்கிரிப்ஷன் 100 சதவீதம் என்றும், அதன் கீழேயே 'புரொடெக்ஷன் ஆஃப்' என்றும் காட்டும். ஹோமில் இதை முடிக்க மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைய வேண்டும். ப்ரோவில் அது தேவையில்லை: கண்ட்ரோல் பேனலில் பிட்லாக்கரைத் திறந்து நேரடியாக ஆன் செய்து, கீயைப் பென் டிரைவில் சேமிக்கலாம் அல்லது அச்சிடலாம். தன் டிஸ்க்கின் சாவி இன்னொருவர் சர்வரில் இருக்கக் கூடாது என்று நினைப்பவர்களுக்கு ப்ரோ வாங்க இது நேர்மையான காரணம்.

உங்கள் ஹோம் கணினியில் 'டிவைஸ் என்கிரிப்ஷன்' என்ற வரியே தெரியவில்லை என்றால் காரணத்தைக் கணினியே சொல்லும். ஸ்டார்ட்டில் 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' என்று தேடி, அதை அட்மினாகத் திறந்து, பட்டியலின் கடைசிப் பகுதிக்குப் போனால் 'டிவைஸ் என்கிரிப்ஷன் சப்போர்ட்' என்று முடியும் ஒரு வரி இருக்கும். நிபந்தனை நிறைவேறாத இடம் அதற்கு எதிரே எழுதப்பட்டிருக்கும். செக்யூர் பூட் ஆஃப் ஆகியிருப்பதும், டிபிஎம் பயாஸில் முடக்கப்பட்டிருப்பதும் நாம் அடிக்கடி பார்க்கும் காரணங்கள். பயாஸில் சரிசெய்தால் வரி தோன்றும்.

ப்ரோ கூடுதலாகத் தருபவை இன்னும் இரண்டு. ஒன்று, ஆன் செய்யும்போதே, விண்டோஸ் ஏறுவதற்கு முன், பின் எண் கேட்கும் ஏற்பாடு. சாதாரண அமைப்பில் டிபிஎம் சிப் தானாகவே டிஸ்க்கைத் திறந்துவிடும், நுழைவுத் திரையில்தான் தடை. முக்கியமான தொழில் ஆவணங்களைச் சுமந்து பயணம் செய்பவர்களுக்கு இந்தப் பின் எண் உண்மையான கூடுதல் கவசம். இது குரூப் பாலிசி என்ற ப்ரோவின் ஆழ்ந்த அமைப்புப் பட்டியல் வழியாக மட்டுமே அமையும், ஆகவே ஹோமில் இல்லை.

இரண்டாவது, 'பிட்லாக்கர் டூ கோ': வெளி டிஸ்க், பென் டிரைவ் ஆகியவற்றைக் கடவுச்சொல்லால் பூட்டுவது. பூட்டுவதற்குத்தான் ப்ரோ வேண்டும். பூட்டிய டிஸ்க்கை ஹோம் கணினியில் செருகி, கடவுச்சொல் கொடுத்தால் படிக்கவும் எழுதவும் தடையில்லை. ஆக, வீட்டில் நான்கு கணினி இருந்து அதில் ஒன்று ப்ரோ என்றால் எல்லா டிஸ்க்கையும் அந்த ஒன்றிலேயே பூட்டிக்கொள்ளலாம். ப்ரோவே இல்லாத வீட்டுக்கு வெராகிரிப்ட் என்ற இலவசப் புரோகிராம் இருக்கிறது. நம்பகமானது. ஆனால் அந்த டிஸ்க்கைத் திறக்கும் ஒவ்வொரு கணினியிலும் அந்தப் புரோகிராமும் அட்மின் உரிமையும் வேண்டும்.

ரிமோட் டெஸ்க்டாப்: எந்தக் கணினிக்குப் ப்ரோ?

இங்கேதான் பணம் தவறான இடத்துக்குப் போகிறது. வெளியூரில் இருக்கும் அப்பா அம்மாவின் கணினியைச் சரிசெய்ய வேண்டும் என்று தன் லேப்டாப்புக்குப் ப்ரோ வாங்குவார்கள். ரிமோட் டெஸ்க்டாப்பில் ப்ரோவாக இருக்க வேண்டியது எந்தக் கணினிக்குள் நுழைகிறோமோ அதுதான். நுழைகிறவர் கையில் ஹோம் இருக்கலாம், மேக் இருக்கலாம், செல்போன்கூட இருக்கலாம்.

அதற்கும் முன்னால், ரிமோட் டெஸ்க்டாப்தான் வேண்டுமா என்று பாருங்கள். எதிர்முனையில் ஒருவர் கணினி முன் உட்கார்ந்திருந்தால் விண்டோஸுடனேயே வரும் 'குயிக் அசிஸ்ட்' போதும், இரண்டு பக்கமும் ஹோமாக இருந்தாலும் ஓடும். உதவி செய்பவர் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து ஒரு குறியீட்டைப் பெற்றுத் தொலைபேசியில் சொல்வார், எதிர்முனையில் இருப்பவர் அதைத் தட்டி அனுமதி கொடுப்பார். ஆள் இல்லாத நேரத்தில் நுழைய வேண்டும் என்றால்தான் ப்ரோவின் ரிமோட் டெஸ்க்டாப், அல்லது குரோம் ரிமோட் டெஸ்க்டாப், ரஸ்ட்டெஸ்க் போன்ற மாற்றுகள். படமும் வேகமும் ப்ரோவில்தான் சிறப்பு. மாதம் ஓரிரு முறை நுழைகிறவருக்கு மாற்றுகளே போதும்.

ப்ரோவில் இதை ஆன் செய்வது எளிது: 'செட்டிங்ஸ்', 'சிஸ்டம்', 'ரிமோட் டெஸ்க்டாப்'. ஆனால் ஆன் செய்த பிறகும் இணைப்பு கிடைக்காமல் பலர் திணறுவார்கள். பெரும்பாலும் காரணம் கடவுச்சொல். கணினியில் தினமும் நான்கு இலக்கப் பின் போட்டு நுழைபவர் அதையே இங்கேயும் தட்டுவார். அந்தப் பின் அந்தக் கணினியின் முன் உட்கார்ந்திருப்பவருக்கு மட்டுமே, தொலைவிலிருந்து செல்லாது. மைக்ரோசாஃப்ட் கணக்கின் மின்னஞ்சலும் முழுக் கடவுச்சொல்லும் கொடுக்க வேண்டும். அதையும் ஏற்கவில்லை என்றால், அந்தக் கணினி உங்கள் கடவுச்சொல்லை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை என்று பொருள். முதல் நாளிலிருந்தே பின் மட்டும் பயன்படுத்தியிருப்பீர்கள். 'அக்கவுன்ட்ஸ்', 'சைன்-இன் ஆப்ஷன்ஸ்' போய் விண்டோஸ் ஹலோவை மட்டும் அனுமதிக்கும் பொத்தானை ஆஃப் செய்து, வெளியேறி, ஒருமுறை கடவுச்சொல்லால் நுழைந்துவிட்டால் சரியாகிவிடும். கடவுச்சொல்லே இல்லாத லோக்கல் கணக்குக்கு இணைப்பு கிடைக்காது. அது விண்டோஸ் வேண்டுமென்றே வைத்திருக்கும் தடை.

தூங்கும் கணினிக்குள்ளும் நுழைய முடியாது. மின்சாரத்தில் இருக்கும்போது 'ஸ்லீப்' ஆகாதபடி 'பவர்' அமைப்பை மாற்றி வையுங்கள். நீங்கள் தொலைவிலிருந்து நுழைந்ததும் அங்கே உள்ள திரை பூட்டிக்கொள்ளும், ஒரு நேரத்தில் ஒருவர்தான். அப்பாவுக்குத் திரையைக் காட்டிக்கொண்டே கற்றுக்கொடுக்க நினைத்தால் குயிக் அசிஸ்ட்தான் பொருத்தம்.

ஒன்றை மட்டும் செய்யவே செய்யாதீர்கள்: ரிமோட் டெஸ்க்டாப் பயன்படுத்தும் 3389 போர்ட்டை (இணைப்பு நுழையும் வாசல்) ரவுட்டரில் திறந்து வைப்பது. அந்தப் போர்ட்டைத் தேடி இணையத்தில் தானியங்கி நிரல்கள் இரவு பகலாக அலைகின்றன. உள்ளே நுழைந்தால் ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர்தான். வீட்டுக்கு வெளியிலிருந்து வர வேண்டுமென்றால் முதலில் ஒயர்கார்ட் போன்ற விபிஎன் (பாதுகாப்பான தனி இணைப்பு) அமைத்து, அதற்குள்ளே ரிமோட் டெஸ்க்டாப் பயன்படுத்துங்கள்.

ஹோமிலேயே ரிமோட் டெஸ்க்டாப்பைத் திறந்துவிடும் பேட்ச்களும் உலவுகின்றன. அவை விண்டோஸின் ஒரு சிஸ்டம் ஃபைலின் உட்புறத்தை நம்பி ஓடுபவை. அப்டேட் அந்த ஃபைலை மாற்றியதும் நின்றுவிடும். ஆன்டிவைரஸ் அவற்றைப் பிடித்து அழிக்கும். லைசென்ஸ் விதியையும் மீறுகின்றன. நம்ப வேண்டாம்.

கணினிக்குள் கணினி

அறிமுகமில்லாத ஒரு புரோகிராமை நிறுவிப் பார்க்க வேண்டும், ஆனால் பயமாக இருக்கிறது. இதற்கு விண்டோஸ் சாண்ட்பாக்ஸ் போல வசதியானது வேறில்லை. திறந்ததும் சில விநாடிகளில் புத்தம் புதிய விண்டோஸ் ஒரு ஜன்னலுக்குள் வரும். அதற்குள் எதை நிறுவினாலும், எதைக் கெடுத்தாலும், ஜன்னலை மூடியதும் தடம் இல்லாமல் போய்விடும். குறைந்தது 4 ஜிபி ரேம் வேண்டும், 8 ஜிபி இருந்தால்தான் நிம்மதி. பயாஸில் விர்ச்சுவலைசேஷன் (கணினிக்குள் கணினியை ஓட்ட பிராசஸர் தரும் வசதி) ஆன் ஆகியிருக்க வேண்டும்; இன்டெல் போர்டுகளில் விடி-எக்ஸ் என்றும் ஏஎம்டி போர்டுகளில் எஸ்விஎம் என்றும் பெயர் இருக்கும். 'டர்ன் விண்டோஸ் ஃபீச்சர்ஸ் ஆன் ஆர் ஆஃப்' பட்டியலில் சாண்ட்பாக்ஸைத் தேர்ந்து ரீஸ்டார்ட் செய்தால் முடிந்தது. இது ப்ரோவில் மட்டும். வாரம் ஒரு முறையாவது புதுப் புரோகிராம் சோதிப்பவர்களுக்கு இது ஒன்றுக்காகவே ப்ரோ வாங்கலாம் என்பது எங்கள் கருத்து.

கணினிக்குள் நிரந்தரமான இன்னொரு கணினியை ஓட்டும் ஹைப்பர்-வி விஷயத்தில் அப்படிச் சொல்ல மாட்டோம். அதுவும் ப்ரோவில் மட்டும்தான், ஆனால் ஹோமில் விர்ச்சுவல்பாக்ஸும் விஎம்வேர் வொர்க்ஸ்டேஷனும் இருக்கின்றன. இரண்டாவது 2024 நவம்பர் முதல் எல்லோருக்கும் இலவசம். ஒரே ஒரு எச்சரிக்கை: விர்ச்சுவல்பாக்ஸ் ஜன்னலின் கீழ்ப்பட்டையில் பச்சை ஆமைப் படம் தெரிந்தால், ஹைப்பர்-வியின் அடித்தளமான விண்டோஸின் ஹைப்பர்வைசர் பின்னணியில் ஓடுகிறது, அதனால் உள்ளே உள்ள கணினி மெதுவாக ஓடும் என்று பொருள். ஹோமிலும் டபிள்யூஎஸ்எல் 2 அல்லது கோர் ஐசொலேஷன் ஆன் ஆகியிருந்தால் ஆமை வரும். வேகத்துக்காகக் கோர் ஐசொலேஷனை ஆஃப் செய்துவிட்டு மறந்துபோவது நல்லதல்ல.

அப்டேட்டை யார் தீர்மானிப்பது

இரண்டு பதிப்பிலும் 'பாஸ் அப்டேட்ஸ்' என்று ஐந்து வாரம் வரை நிறுத்தி வைக்கலாம். கெடு முடிந்ததும் நிலுவையில் உள்ளவற்றை நிறுவியே ஆக வேண்டும். வேலை நேரத்தில் ரீஸ்டார்ட் ஆகாமல் இருக்க 'ஆக்டிவ் ஹவர்ஸ்' 18 மணி நேரம் வரை வைக்கலாம். வீட்டுக்கு இது தாராளம்.

ப்ரோவின் குரூப் பாலிசி எடிட்டர் இதைவிட ஆழமாகப் போகும். மாதாந்தரத் திருத்தங்களை 30 நாள் வரையும், ஆண்டுப் பதிப்பை 365 நாள் வரையும் தள்ளிப்போடலாம். குறிப்பிட்ட ஒரு பதிப்பிலேயே நிற்கும்படியும் சொல்லலாம். இசைப்பதிவு, படத்தொகுப்பு செய்பவர்கள், புது டிரைவரால் சாதனம் நின்றுபோகும் தொல்லையை அனுபவித்தவர்கள் இதன் அருமையை அறிவார்கள். ஆனால் எங்கள் யோசனை: ஆண்டுப் பதிப்பைத் தள்ளுங்கள், பாதுகாப்புத் திருத்தத்தை ஒரு வாரத்துக்கு மேல் தள்ளாதீர்கள். ஓட்டை எங்கே என்பது திருத்தம் வெளியான அன்றே எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது.

ஹோமில் குரூப் பாலிசி எடிட்டரை நிறுவித் தரும் சிறு ஸ்கிரிப்ட்கள் கிடைக்கும். ஜன்னல் திறக்கும், அமைப்பை மாற்றவும் விடும். ஆனால் அவற்றில் பலவற்றை ஹோம் பதிப்பு கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. மாற்றிவிட்டோம் என்று நம்பிக்கொண்டிருப்போம், எதுவும் மாறியிருக்காது.

லோக்கல் கணக்கு

ஹோமைத் தொடங்கும்போது இணையமும் மைக்ரோசாஃப்ட் கணக்கும் கட்டாயம். இதைத் தாண்டும் குறுக்கு வழிகள் பதிப்புக்குப் பதிப்பு அடைக்கப்பட்டு வருகின்றன. ப்ரோவில் 'வொர்க் ஆர் ஸ்கூல்' என்று தேர்ந்து, 'சைன்-இன் ஆப்ஷன்ஸ்', 'டொமைன் ஜாயின் இன்ஸ்டெட்' என்று போனால் லோக்கல் கணக்கு உருவாக்கலாம். டொமைன் (நிறுவன நெட்வொர்க்) எதுவும் தேவையில்லை. இதற்காக மட்டும் ப்ரோ வேண்டாம்: ஹோமில் கணக்கோடு தொடங்கி, பிறகு 'அக்கவுன்ட்ஸ்', 'யுவர் இன்ஃபோ' போய் லோக்கல் கணக்குக்கு மாறிக்கொள்ளலாம். மாறுவதற்கு முன் ரிக்கவரி கீயை எழுதி வைத்துவிட்டீர்களா என்று மட்டும் பாருங்கள்.

எண்ணிக்கை வரம்புகள் வீட்டில் அரிதாகவே இடிக்கும். ஹோம் ஒரு பிராசஸர் சாக்கெட்டையும் 128 ஜிபி ரேமையும் ஏற்கும். ப்ரோ இரண்டு சாக்கெட்டையும் 2 டிபி ரேமையும் ஏற்கும். ஏஐ மாடல்களை வீட்டிலேயே ஓட்டுவதற்காக 48 ஜிபி டிடிஆர்5 குச்சிகள் நான்கைச் செருகி 192 ஜிபி ஆக்குபவர்கள் மட்டும் கவனிக்க வேண்டும். ஹோம் அதில் 64 ஜிபியைத் தொடாமலேயே விட்டுவிடும்.

பெட்டியில் ஒளிந்திருக்கும் வேறு பதிப்புகள்

ஹோமா ப்ரோவா என்று யோசிக்கும் நேரத்தில் பாதியை இதற்குக் கொடுங்கள். ஹோம் என்று எழுதியிருப்பதெல்லாம் ஒரே ஹோம் இல்லை.

'ஹோம் சிங்கிள் லாங்குவேஜ்' என்று ஒன்று உண்டு. முதலில் தேர்ந்த மொழியிலேயே மெனுக்கள் நிற்கும், இன்னொரு காட்சி மொழியைச் சேர்க்க முடியாது. ஆங்கிலத்தில் தொடங்கிவிட்டு, பிறகு தாத்தாவுக்காக மெனுவைத் தமிழில் மாற்ற முயன்றால் வழி இருக்காது. தமிழில் தட்டச்சு செய்யத் தடையில்லை. தமிழ் 99 விசைப்பலகையைச் சேர்த்துக்கொள்ளலாம், தமிழ் எழுத்துருக்களும் வேலை செய்யும். ஒரே கணினியில் அம்மாவுக்குத் தமிழ் மெனு, மகனுக்கு ஆங்கில மெனு என்று பிரித்துக் கொடுக்க வேண்டுமென்றால் வாங்கும் முன் 'செட்டிங்ஸ்', 'சிஸ்டம்', 'அபௌட்' பக்கத்தில் பதிப்பின் முழுப் பெயரைப் படியுங்கள். இருக்கிற கணினியில் தெரிந்துகொள்ள, விண்டோஸ் விசையோடு ஆர் தட்டி 'வின்வெர்' என்று கொடுத்தாலும் பெயர் வரும்.

'எஸ் மோட்' இன்னொன்று. மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலிருந்து மட்டுமே புரோகிராம் நிறுவ விடும். ஹோமில் மட்டும்தான் வரும். 'ஆக்டிவேஷன்' பக்கத்திலிருந்து ஸ்டோர் வழியாக இலவசமாக வெளியேறலாம், ஆனால் திரும்பி வர முடியாது. சிறு பிள்ளைகளுக்கான கணினி என்றால் வெளியேறாமல் விட்டுவைப்பதே நல்லது.

பெயருக்குப் பின்னால் 'என்' என்ற எழுத்து இருந்தால், ஐரோப்பிய ஆணையத்தின் 2004ஆம் ஆண்டுத் தீர்ப்பால் உருவான பதிப்பு அது. மீடியா பிளேயரும் சில மீடியா கூறுகளும் இருக்காது. வீடியோ அழைப்பில் கேமரா தகராறு, சில கேம்கள் திறக்காமை எல்லாம் அதனால் வரும். 'ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ்' பகுதியில் 'மீடியா ஃபீச்சர் பேக்' சேர்த்தால் சரியாகும்.

விளம்பரம் இல்லை, ஸ்டோர் இல்லை, ஆண்டுக்கணக்கில் மாற்றமில்லை என்று எல்டிஎஸ்சி பதிப்பைப் புகழ்பவர்கள் உண்டு. புகழ்ச்சியில் உண்மை இருக்கிறது. ஆனால் அது நிறுவன ஒப்பந்தங்களுக்கான என்டர்பிரைஸ் வகை, தனிநபருக்குச் சில்லறையாக விற்பதில்லை. வீட்டில் ஓடும் எல்டிஎஸ்சிகளில் பெரும்பாலானவை லைசென்ஸ் இல்லாதவை.

லைசென்ஸ்

கணினியோடு வரும் ஓஇஎம் லைசென்ஸ் அந்த மதர்போர்டோடு கட்டப்பட்டது. தனியாக வாங்கும் ரீட்டெய்ல் லைசென்ஸைப் பழைய கணினியிலிருந்து எடுத்துப் புதியதில் போடலாம். மதர்போர்டை அடிக்கடி மாற்றுகிறவர்களுக்கு ரீட்டெய்ல் மலிவாக முடியும்.

நம்ப முடியாத விலைக்கு விற்கும் ப்ரோ கீகள் பல சமயம் நிறுவனங்களுக்கான வால்யூம் கீகளைப் பிரித்து விற்பவை. வால்யூம் கீயில் இத்தனை கணினிதான் என்று எண்ணிக்கை உண்டு. கேஎம்எஸ் வகை என்றால் 180 நாளுக்குள் நிறுவன சர்வரிடம் மீண்டும் அனுமதி வாங்க வேண்டும். அதனால்தான் முதல் நாள் 'ஆக்டிவேட்டட்' என்று காட்டியது ஆறு மாதத்தில் மூலையில் எச்சரிக்கை எழுத்தோடு வந்து நிற்கிறது. 'எஸ்எல்எம்ஜிஆர்' கட்டளையோடு ஓர் இடைவெளி விட்டு, சாய்கோடும் 'டிஎல்ஐ'யும் சேர்த்து 'ரன்' பெட்டியில் கொடுத்தால் வரும் சிறு ஜன்னலில் ஓஇஎம், ரீட்டெய்ல், வால்யூம் எது என்று எழுதியிருக்கும். பழைய கணினி வாங்கும்போதும் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். வீட்டுக் கணினியில் வால்யூம் என்று வந்தால் அந்த லைசென்ஸுக்கு விலை போடாதீர்கள். விண்டோஸ் 7, 8 கீகளை வைத்து 11ஐ ஆக்டிவேட் செய்யும் வழியும் 2023 செப்டம்பரோடு மூடப்பட்டுவிட்டது.

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. அதிலிருந்து 11க்கு ஏறுபவர்களுக்குப் பதிப்பு அப்படியே தொடரும்: 10 ப்ரோ இருந்தால் 11 ப்ரோ, பணம் இல்லை. ஆகவே பழைய கணினிக்குப் ப்ரோ கீ தேடும் முன் ஏற்கனவே என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

மாறும் முறையும், மறுபடி நிறுவும்போது வரும் சிக்கலும்

ஹோமிலிருந்து ப்ரோவுக்கு மாற 'செட்டிங்ஸ்', 'சிஸ்டம்', 'ஆக்டிவேஷன்', அதில் 'அப்கிரேட் யுவர் எடிஷன் ஆஃப் விண்டோஸ்'. ஸ்டோரில் வாங்கலாம், அல்லது 'சேஞ்ச் ப்ராடக்ட் கீ' கொடுத்து வைத்திருக்கும் கீயைத் தட்டலாம். நிலுவையில் இருக்கும் அப்டேட்களை முதலில் முடித்து, சார்ஜரைச் செருகிவிட்டுத் தொடங்குங்கள்.

சிக்கல் பல மாதம் கழித்து வரும். ஹோமோடு வாங்கிய லேப்டாப்பைப் ப்ரோவாக மாற்றியிருப்பீர்கள். ஒருநாள் டிஸ்க் பழுதாகி, பென் டிரைவிலிருந்து புதிதாக நிறுவுவீர்கள். எந்தப் பதிப்பு வேண்டும் என்று கேட்காமலேயே ஹோம் ஏறிவிடும். வாங்கிய ப்ரோ போய்விட்டதே என்று மனம் பதறும். போகவில்லை. தயாரிப்பாளர் மதர்போர்டின் ஃபர்ம்வேரில் ஹோம் கீயைப் பதித்திருக்கிறார், நிறுவல் நிரல் அதைப் படித்துத் தானே முடிவெடுத்துவிட்டது. உங்கள் ப்ரோ லைசென்ஸ் மைக்ரோசாஃப்ட் சர்வரில் அந்த வன்பொருளின் பெயரில் இருக்கிறது. ஹோம் முழுதாக ஏறட்டும். இணையத்தில் இணைந்து, முன்பு பயன்படுத்திய அதே மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, 'ஆக்டிவேஷன்' பக்கத்தில் 'டிரபிள்ஷூட்' கொடுத்தால், அந்தக் கணினிக்குப் ப்ரோ டிஜிட்டல் லைசென்ஸ் இருப்பதைக் கண்டுபிடித்து மாற்றித் தரும். தனியாக வாங்கிய கீ என்றால் 'சேஞ்ச் ப்ராடக்ட் கீ'யில் அதையே மறுபடி தட்டலாம். ரீஸ்டார்ட் ஆனதும் 'வின்வெர்' கொடுத்துப் பதிப்பைப் பாருங்கள். பிறகு டிவைஸ் என்கிரிப்ஷன் பக்கத்துக்குப் போங்கள்: புதிதாக நிறுவியதால் பழைய ரிக்கவரி கீ செல்லாது, புதியதை எழுதிப் பழைய தாளைக் கிழித்துவிடுங்கள்.